கெர்னலின் பின்கட்டு வேலையாட்கள்

லினக்ஸ் ஓடும் கணினியில் டெர்மினலைத் திறந்து ‘டாப்’ என்று தட்டிப் பாருங்கள். பட்டியலில் ‘கேவொர்க்கர்’ என்ற பெயர் வரிசையாக நிற்கும். நீங்கள் திறந்தவை அல்ல. உங்களால் மூடவும் முடியாது. கெர்னல் தன் சொந்த வேலைக்கு வைத்திருக்கும் த்ரெட்கள் இவை. ஆண்ட்ராய்டு போனுக்குள்ளும் லினக்ஸ் கெர்னல்தான் என்பதால் சட்டைப்பையிலும் இவர்கள் உண்டு.

கணினியோடு இணைந்த ஒரு சாதனத்துக்குக் கவனிப்பு தேவைப்பட்டதும் அது பிராசஸரைக் குறுக்கிட்டு அழைக்கிறது. பிராசஸர் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ஓடிவரும். அந்த நேரத்தில் அது எதற்காகவும் காத்து நிற்கக் கூடாது. டிஸ்க் பதில் சொல்லட்டும், யாரோ போட்ட பூட்டு திறக்கட்டும் என்று நின்றால் மற்றதெல்லாம் ஸ்தம்பித்துவிடும். எனவே அவசரமானதை மட்டும் முடித்து, மிச்சத்தைப் பிறகு பார்க்கும்படி ஒரு வரிசையில் சேர்த்துவிடுகிறது. 2002இல் கெர்னல் நிரலாளர் இங்கோ மோல்னார் லினக்ஸில் புகுத்திய இந்த ஏற்பாட்டுக்கு ‘வொர்க்கியூ’ என்று பெயர். வரிசையில் சேர்ந்ததை எடுத்து முடிப்பவைதான் மேலே சொன்ன த்ரெட்கள்.

முதல் வடிவம் ஊதாரித்தனமானது. வரிசை கேட்ட டிரைவர் ஒவ்வொன்றுக்கும், கோருக்கு ஒன்று வீதம் தனித்தனி த்ரெட். ஐம்பது வரிசை, 64 கோர் என்றால் 3,200 த்ரெட்! கோர்களும் வரிசைகளும் பெருகப் பெருக, பிராசஸ்களுக்கு வழக்கமாக ஒதுக்கப்படும் 32,768 எண்களும் சில பெரிய கணினிகளில் பூட் ஆவதற்குள்ளேயே தீர்ந்துபோயின. இவ்வளவு ஆள் இருந்தும் பயனில்லை. ஒரு கோரில் ஒரு வரிசைக்கு ஒரே ஆள். அவர் காத்திருந்தால் பின்னால் நிற்கும் வேலைகளும் காத்திருக்கும், பக்கத்து வரிசையின் ஆள் சும்மா இருந்தாலும்கூட.

2010இல் வெளிவந்த 2.6.36 பதிப்பில் கெர்னல் நிரலாளர் டேஜுன் ஹியோ இதைத் தலைகீழாக்கினார். ஆட்கள் இனி வரிசைக்குச் சொந்தமில்லை, கோருக்குச் சொந்தம். இன்று சாதாரண வேலைக்கு ஒரு குழு, முன்னுரிமை வேலைக்கு ஒரு குழு. எல்லா வரிசைகளும் இவர்களைப் பகிர்ந்துகொள்ளும். எத்தனை பேரை எழுப்புவது என்பதில்தான் அவருடைய கெட்டிக்காரத்தனம். கல்யாணச் சமையலில் ஒரே அடுப்பு இருக்கிறது என்று வையுங்கள்: ஒருவர் கிளறிக்கொண்டிருக்கும்போது இன்னொருவரை நிறுத்தினால் கூட்டம்தான் மிச்சம். அவர் அரிசி வரட்டும் என்று ஒதுங்கினால் மட்டுமே அடுத்தவரைக் கூப்பிட வேண்டும். ஒரு த்ரெட் தூங்கப் போகிறது என்று ஷெட்யூலர் தகவல் கொடுக்க, காத்திருக்கும் வேலை இருந்தால் குழு இன்னொன்றை எழுப்புகிறது. தேவைக்கு மேல் இருக்கும் த்ரெட்கள் சுமார் 5 நிமிடம் சும்மா இருந்தால் கலைக்கப்படுகின்றன.

ஒரு சிக்கல் மிச்சம். புது ஆள் எடுக்க நினைவகம் வேண்டும். நினைவகமே தீர்ந்துவிட்ட சமயத்தில், அதைக் காலி செய்யும் வேலையே வரிசையில் நின்றால்? இடம் கிடைத்தால்தான் ஆள், ஆள் வந்தால்தான் இடம். இதற்கென்றே, நினைவக மீட்புக்குத் தேவைப்படும் வரிசைகளுக்கு முன்கூட்டியே ஒரு ‘ரெஸ்க்யூவர்’ த்ரெட் உருவாக்கி வைக்கப்படுகிறது. பெரும்பாலும் தூங்கியே கழிக்கும். இந்த ஏற்பாட்டிலேயே எனக்குப் பிடித்த பகுதி இதுதான்.

2023இல் மேலும் இரண்டு திருத்தங்கள். ஒரு வேலை விடாமல் 10 மில்லிசெகண்டுக்கு மேல் கோரைப் பிடித்துக்கொண்டால் கெர்னலே அதை ஓடும் ஆட்களின் கணக்கிலிருந்து தள்ளிவைத்து, மற்ற வேலைகளுக்கு வழிவிடுகிறது. இன்னொன்று, சிப்புக்குள் நடந்த மாற்றத்தால் வந்தது. ஒரே பிராசஸருக்குள் இப்போது பல எல்3 கேஷ்கள் (கோர்கள் பகிரும் வேக நினைவகங்கள்). ஒரு கேஷின் கீழ் பிறந்த வேலையை வேறொரு கேஷின் கீழுள்ள கோர் எடுத்தால் தரவு அங்குமிங்கும் இழுபடும். 6.6 பதிப்பிலிருந்து, எந்தக் கோருக்கும் கட்டுப்படாத வேலைகளைக்கூட முடிந்தவரை அதே கேஷுக்குள்ளேயே தொடங்கப் பார்க்கிறது கெர்னல்.

உங்கள் கணினியில் ஒரு கேவொர்க்கர் நூறு சதவீதத்தில் நிற்பதைக் கண்டால் வைரஸ் என்று பதற வேண்டாம். ‘கில்’ கொடுத்தாலும் அது கேட்காது. ஏதோ ஒரு டிரைவர் ஓயாமல் வேலையை வரிசையில் தள்ளிக்கொண்டிருக்கலாம், அல்லது ஒரே வேலை முடியாமல் இழுத்துக்கொண்டிருக்கலாம். ரூட் அனுமதியோடு ‘ப்ராக்’ அடைவில் அந்தக் கேவொர்க்கரின் பிராசஸ் எண்ணுக்குரிய ‘ஸ்டாக்’ கோப்பைத் திறந்து பாருங்கள். ஒரே வேலையில் சிக்கியிருந்தால், அது யாருடையது என்று பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும்.