மண்ணில்லாத கடற்கரை

பின்னேர வகுப்பு முடிந்து பிள்ளைகள் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஏழாம் தரத்துப் பிள்ளை ஒருத்தி அக்காவின் ஃபோனைக் கொண்டுவந்து என் முன்னால் நீட்டினாள்.

"சேர், இதப் பாருங்களேன். கடற்கரையாம். ஆனா மண்ணே இல்ல!"

இங்கிலாந்தின் தென்கரையில் பட்லி சால்ட்டர்ட்டன் என்ற சின்ன ஊர். படத்தில் ஒரு குடும்பம் பாய் விரித்து உட்கார்ந்திருந்தது. சின்னப் பையன் ஒருவன் கடலுக்குள் கல் வீசிக்கொண்டிருந்தான். அவர்களைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய தூரம் வரை கல்தான். சாம்பல், மண்ணிறம், இலேசான சிவப்பு; ஒவ்வொன்றும் வெலிமடை உருளைக்கிழங்கு மாதிரி வழுவழுவென்று இருந்தது.

பின் வாங்கில் இருந்த பையன் எட்டிப் பார்த்தான். "றோட்டுப் போட லொறியில கொண்டாந்து கொட்டினதா சேர்?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நல்ல கேள்வி அது. றோட்டுக்குக் கொட்டுகிற சல்லிக்கல்லில் வெறுங்காலோடு நடந்து பாருங்கள், காலைக் கிழித்துவிடும். படத்தில் இருந்த பையனோ செருப்பில்லாமல் நிற்கிறான். இரண்டுமே பாறையிலிருந்து உடைந்த கல்தான். அப்படியானால் இந்தக் கல்லின் மூலைகளையெல்லாம் எடுத்தது யார்?

போய்ப் பார்க்கலாம் என்றால் நம் ஊவாவுக்குக் கடல் இல்லை. பதுளையிலும் இல்லை, மொனராகலையிலும் இல்லை. பரவாயில்லை, கூழாங்கல்லைப் படிக்க ஆத்தங்கரை போதும். நீங்கள் அஞ்சாங்கல் விளையாடப் பொறுக்குகிற கல்லும், அப்பாயி குளிக்கும்போது குதிகால் தேய்க்கிற கல்லும் அங்கே கிடைப்பவைதானே.

முதலில் வீட்டிலேயே ஒரு சோதனை செய்வோம். உடைந்த செங்கல்லில் விரல்நுனி அளவுத் துண்டுகள் ஐந்தாறு எடுங்கள். ஒவ்வொன்றையும் தாளில் வைத்துப் பென்சிலால் சுற்றிக் கோடு போடுங்கள். பிறகு அகன்ற வாயுள்ள பிளாஸ்டிக் போத்தலில் போட்டு, பாதிக்குத் தண்ணீர் விட்டு, மூடியை இறுக்கி, 300 தரம் குலுக்குங்கள். (கண்ணாடிப் போத்தல் வேண்டாம். உடைந்தால் ஏச்சு எனக்குத்தான் விழும்.) இப்போது துண்டுகளை வெளியே எடுத்துப் பழைய கோட்டுக்குள் வைத்துப் பாருங்கள். நீள அகலம் அவ்வளவாகக் குறைந்திருக்காது, கூர்மை மட்டும் போயிருக்கும். போத்தலில் தண்ணீர் சிவந்து நிற்கிறதல்லவா? காணாமல் போன மூலைகள் அதற்குள்தான் இருக்கின்றன.

ஏன் மூலைக்கு மட்டும் இந்தக் கதி? தட்டையான பக்கத்தில் அடி விழுந்தால் அந்தப் பக்கம் முழுவதும் சேர்ந்து தாங்கும். மூலை தனியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. எந்தப் பக்கமிருந்து மற்றக் கல் வந்து மோதினாலும் முதலில் அகப்படுவது அதுதான். ஹங்கேரியைச் சேர்ந்த கபோர் டொமொகோஷ், அமெரிக்காவைச் சேர்ந்த டக்ளஸ் ஜெரோல்மாக் ஆகிய விஞ்ஞானிகளின் குழு, புவேர்ட்டோ ரிக்கோ தீவில் ஓடும் மமேயெஸ் ஆற்றின் கற்களை மலையிலிருந்து கீழ்நோக்கி அளந்துகொண்டே போனது. 2014இல் வெளியிட்ட முடிவு உங்கள் போத்தல் சொன்னதேதான்: கல் முதலில் மூலைகளை இழந்து உருண்டையாகிறது, அளவு சிறுப்பது அதன் பிறகுதான் தொடங்குகிறது.

போத்தலைக் குலுக்க உங்கள் கை இருக்கிறது. ஆற்றைக் குலுக்குவது மலைச்சரிவு. ஆடியில் கதிர்காமத்துக்குப் பஸ்ஸில் போகிறவர்கள் யன்னலோரம் உட்கார்ந்தால் இதைப் படம் போலப் பார்க்கலாம். 1,000 மீட்டர் உயரத்துக்கும் சற்று மேலே இருக்கிற எல்லயைத் தாண்டியதும் இராவணன் நீர்வீழ்ச்சி. அங்கே தண்ணீருக்குள் கிடக்கும் பாறைகளில் சில த்ரீவீல் அளவு இருக்கும். அந்தத் தண்ணீர் கிரிந்தி ஓயாவுக்குப் போகிறது. வெல்லவாயப் பக்கம் நிலம் தட்டையாகத் தொடங்கும்போது கற்கள் சிறுத்து, இடையிடையே மணல் திட்டுகள் தெரியும். புத்தல தாண்டினால் ஆறு மாறுகிறது. கதிர்காமத்தில் நாம் முங்கிக் குளிப்பது மாணிக்க கங்கையில். அதுவும் நம் ஊவா மலைகளில் பிறந்து 100 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிற ஆறுதான். அங்கே காலடியில் பெரும்பாலும் மணல். இன்னும் கொஞ்ச தூரம் போய்க் கிரிந்தக் கடற்கரையில் இறங்கினால் ஓரத்தில் சில பெரும்பாறைகள் நிற்கும், மற்றதெல்லாம் மணல்.

மலையில் இருந்த கல் எங்கே போனது? ஓடுகிற தண்ணீரின் பலத்துக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. வேகம் இருமடங்கானால், அது உருட்டக்கூடிய கல்லின் எடை 64 மடங்காகும். இரண்டை ஆறு தரம் பெருக்கிப் பாருங்கள், வரும். திருப்பிப் போட்டால், வேகம் பாதியானதுமே ஆறு 64இல் 63 பங்கு பலத்தை இழந்துவிடுகிறது. சமவெளியில் இறங்கிய ஆறு பெரிய கல்லை அங்கேயே விட்டுவிட்டு, தூக்க முடிந்த மணலை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறது. இன்னொரு காரணம் நம் வெயிலும் மழையும். பாறைக்குள் இருக்கும் பல கனிமங்கள் இந்தச் சூட்டிலும் ஈரத்திலும் உக்கிக் களிமண்ணாகிவிடும். தேயிலை நிற்கிற சிவந்த மண் அப்படி உக்கிய பாறைதான். உக்காமல் மிஞ்சுவது குவார்ட்ஸ், அதாவது ஆற்றில் கிடக்கும் வெள்ளைக்கல். அதுதான் நொறுங்கிக் கடற்கரை மணலாகிறது. அந்த வெள்ளைக்கல்லில் இரண்டை எடுத்து இருட்டறையில் அழுத்தி உரசுங்கள். கல்லுக்குள்ளேயே மங்கலாக ஒரு வெளிச்சம் வந்து போகும். எத்தனை தரம் பார்த்தாலும் எனக்கு அது அலுக்கவில்லை.

மாணிக்க கங்கை என்ற பெயரை எடுத்ததால் ஒன்று சொல்ல வேண்டும். மொனராகலை மாவட்டத்து ஒக்கம்பிட்டியவில் மாணிக்கக்கல் தோண்டுகிறவர்கள் மண்ணுக்கடியில் தேடுவது 'இல்லம்' என்கிற சரளைப் படுக்கையை. நம் தமிழ் இல்லம் அல்ல, அது சிங்களச் சொல். ஒரு காலத்தில் ஆறு ஓடி, கூழாங்கற்களைப் பரப்பிவிட்டுப் போன இடம் அது. வெள்ளைக்கல் தண்ணீரைப் போல 2.65 மடங்கு கனம், நீலக்கல் 4 மடங்கு. கனத்தது முதலில் அடியில் தங்கும். அதனால்தான் கூடையில் இல்லத்தை அள்ளித் தண்ணீரில் சுழற்றிச் சுழற்றி அலசுகிறார்கள். இலேசானது வழிந்து போகும். கனத்தது கூடையடியில் நிற்கும்.

சரி, அந்தப் படத்துக்கு வருவோம். பட்லி சால்ட்டர்ட்டன் கற்களைக் கடல் உருட்டி வழுவழுப்பாக்கியது என்றுதான் நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். அப்படியில்லை. ஏறக்குறைய 24 கோடி ஆண்டுகளுக்கு முன், இன்றைய பிரான்ஸின் பிரிட்டனிப் பக்கத்திலிருந்து ஒரு பேராறு வடக்கே ஓடியது. அந்த ஆறு உருட்டிக் கொண்டுவந்து படியவிட்ட கற்கள் அங்குள்ள செங்குத்துக் கரைக்குள் புதைந்து கிடக்கின்றன. அலை கரையை அரிக்க அரிக்க, அவை ஒவ்வொன்றாக உதிர்ந்து கடற்கரையில் விழுகின்றன. கிடப்பது கடலோரத்தில் என்றாலும் பிறந்தவிதத்தில் அவை ஆற்றுக்கற்கள்.

கடலுக்கும் அங்கே வேலை இருக்கிறது, கற்களைத் தரம் பிரிக்கிற வேலை. அதே தென்கரையில் செசில் என்ற கற்கரை 29 கிலோமீட்டர் நீளம். மேற்கு முனையில் கல் பட்டாணி அளவு, கிழக்கே போகப் போகப் பெருத்து உருளைக்கிழங்கு அளவாகிவிடும். இருட்டில் கரையேறுகிற மீனவர்கள் கல்லைத் தொட்டுப் பார்த்தே எந்த இடம் என்று சொல்லிவிடுவார்களாம். கற்கரைகள் சரிவாகவும் இருக்கும். ஏறிவரும் அலை கல்லை மேலே எறிகிறது. திரும்பும்போது தண்ணீர் கற்களின் இடுக்கு வழியே கீழே இறங்கிவிடுவதால் கல்லை இழுத்துப் போக அதற்குப் பலம் இருப்பதில்லை. குடும்பத்தோடு போகிறவர்களுக்குச் சாப்பாட்டில் மண் விழாத கரை என்று ஒரு வசதி. ஆனால் இரண்டு அடி வைத்தால் ஆழம் வந்துவிடும். பிள்ளைகள் அங்கே மணல்வீடு கட்டவும் முடியாது.

தண்ணீருக்குள் பளபளத்த கல் வீட்டுக்கு வந்ததும் மங்கிப் போகிறதே, கவனித்திருக்கிறீர்களா? காய்ந்த கல்லின் மேல் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் நிறைய. அவை வெளிச்சத்தை நாலாபக்கமும் சிதறடித்து, கல்லின் மேல் வெளிறிய போர்வை போட்டுவிடுகின்றன. தண்ணீர் அந்தக் கீறல்களை நிரப்பியதும் உள்ளே இருக்கிற நிறம் தெரிகிறது.

ஆற்றுப் படுகை காய்ந்து கிடக்கும்போது தட்டையான கற்களைப் பாருங்கள். சாய்த்து வைத்த புத்தகங்கள் போல ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்திருக்கும். அவற்றின் சரிவு, தண்ணீர் வருகிற பக்கத்தைப் பார்த்திருக்கும். தண்ணீரே இல்லாவிட்டாலும் ஆறு எந்தப் பக்கமிருந்து வந்தது என்று அவை சொல்லிவிடும். 2012இல் கியூரியோசிற்றி என்ற ஊர்தி செவ்வாய்க் கிரகத்தில் படம் எடுத்தபோது, பாறையில் ஒட்டிக்கிடந்த உருண்டைக் கற்கள் தெரிந்தன. அந்த அளவுக் கல்லைக் காற்றால் தூக்கி வர முடியாது. ஆகவே அங்கே ஒரு காலத்தில் ஓடை ஓடியிருக்கிறது என்று விஞ்ஞானிகள் முடிவு செய்தார்கள். முழங்கால் நனைய நடக்கலாம் போன்ற சின்ன ஓடைதான். ஒரு துளித் தண்ணீரையும் காணாமல் அவர்கள் ஆற்றைக் கண்டுபிடித்தது இந்தக் கூழாங்கற்களை வைத்துத்தான்.

நீங்களும் அளந்து பாருங்கள். 4 மில்லிமீட்டரிலிருந்து 64 மில்லிமீட்டர் வரை இருந்தால் அது கூழாங்கல், 2 மில்லிமீட்டருக்குக் கீழே என்றால் மணல். அடிமட்டம் ஒன்று, கொப்பி ஒன்று, பெரியவர் ஒருவர். இந்த மூன்றும் இல்லாமல் ஆத்துக்கு இறங்க வேண்டாம். நீங்கள் நிற்கிற இடத்தில் வெயில் அடித்தாலும் மேல்மலையில் மழை கொட்டிக்கொண்டிருக்கலாம். தண்ணீர் கலங்கி, குப்பையும் சுள்ளியும் மிதந்து வந்தால், கல்லைப் போட்டுவிட்டு உடனே மேட்டுக்கு ஏறுங்கள். அந்த 64 மடங்குக் கணக்கு நம்மையும் உருட்டும்.

பட்லி சால்ட்டர்ட்டனில் கல் எடுத்துப் போகத் தடை இருக்கிறது. பதுளு ஓயாவில் அப்படி அறிவிப்புப் பலகை எதுவும் இல்லை. அஞ்சாங்கல்லுக்கு ஐந்து எடுத்துக்கொள்ளுங்கள். மற்றதை அளந்துவிட்டு இருந்த இடத்திலேயே வையுங்கள். அது துன்ஹிந்தை நீர்வீழ்ச்சியில் 64 மீட்டர் குதித்து, மகாவலியில் சேர்ந்து, மணலாகித் திருகோணமலைக் கடலுக்குப் போக வேண்டிய கல்.