நூற்செய்தியும் நூலாராய்ச்சியும்

காரைதீவிற் பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியராக விளங்கியவர் விபுலாநந்த அடிகள். அவர்தம் யாழ்நூலைக் கரந்தைத் தமிழ்ச்சங்கம் வெளியிட்டது. 1947 சூன் திங்களில் திருக்கொள்ளம்பூதூரில் அஃது அரங்கேறியது. அடுத்த திங்கள் 19ஆம் நாள் அடிகள் மறைந்தார்.

விழாச் செய்தியும் இரங்கற் செய்தியும் ஆசிரியர் பெயரைப் பரப்புவன. நூற்பொருளை விளக்குவன அல்ல. சிலப்பதிகார அரங்கேற்றுகாதையைத் துணைக்கொண்டு, வழக்கொழிந்த யாழ்களின் அமைப்பைக் கணித முறையோடு நிறுவ முயன்ற நூல் அது. அந்நிறுவல் பொருந்துமா என ஆராயும் மதிப்புரையே நூலுக்குரிய செய்தியாகும். இசை, கணிதம், தமிழ் மூன்றும் ஒருங்கறிந்தோர் சிலரே. ஆதலின் அப்பணி நாளிதழ்க்கு அரிது, கல்விக்கழகங்கட்கே உரியது. கல்லடியில், வாவியின் அணித்தே, அடிகளின் சமாதியை வணங்கும் நாம், அவர் நூலையும் திறந்து வினவுதல் வேண்டும்.