பாரக்கோலின் நிறை

பாரந்தூக்கும் வீரனது ஆற்றலுக்குச் சான்றாக நிற்பது அவன் கையிலுள்ள கோலேயாம். அதன் நிறை பிழையாயின் அவன் பெற்ற புகழும் பிழைபட்டதே. 1896ஆம் ஆண்டு ஏதென்ஸ் நகரில் நிகழ்ந்த ஒலிம்பிக் விழாவில், இரு கைகளாலும் தூக்கும் போட்டியில், டென்மார்க்கினரான விக்கோ யென்சனும் பிரித்தானியரான லோன்செஸ்ரன் எலியற்றும் 111.5 கிலோகிராம் என்னும் ஒரே நிறையையே தூக்கினர். தூக்கிய முறையின் செம்மை கருதி யென்சனுக்கு முதலிடம் அளிக்கப்பட்டது. 2005 தொடக்கம் ஒரு கிலோகிராம் வேறுபாடே வெற்றி தோல்வியை வகுக்கப் போதுமானதாயிற்று.

முற்காலத்துக் கோல்களின் இரு முனைகளிலும் உருண்டைகள் இருந்தன. அவற்றுட் சில உள்ளே வெறுமையானவை. மணலோ ஈயக்குண்டோ இட்டு நிறையைக் கூட்டுவர். புறத்தே நோக்குவோர்க்கு நிறைந்த உருண்டையும் வெற்றுருண்டையும் ஒன்றே. மேடை வித்தைக்காரர் சிலர்க்கு இது பெரிதும் வாய்ப்பாயிருந்தது! தட்டுகள் வந்தபின்னரே நிறை கண்ணுக்குப் புலனாயிற்று.

இக்காலப் போட்டிகளில் ஆடவர் கோல் 20 கிலோகிராம், நீளம் 2.2 மீற்றர். மகளிர் கோல் 15 கிலோகிராம், நீளம் 2.01 மீற்றர். பெருந்தட்டுகளுள் சிவப்பு 25, நீலம் 20, மஞ்சள் 15, பச்சை 10 கிலோகிராம். தட்டுகளை இறுக்கும் பூட்டு ஒவ்வொன்றும் 2.5 கிலோகிராம். எனவே ஆடவர் கோலிற் சிவப்பும் நீலமும் பக்கத்துக்கு ஒவ்வொன்றாகப் பூட்டினால் 20, 50, 40, 5 எனக் கூட்டி 115 ஆகும். கோலையும் பூட்டையும் கணக்கில் விடுவதே புதியோர் பலர் செய்யும் பிழை. இறாத்தற் கணக்கிற் செய்த கோல்களும் தட்டுகளும் உள. 45 இறாத்தல் 20.41 கிலோகிராமாதலின், அதனை 20 எனக் கொள்வது தவறு.

குறியழிந்த கோலின் நிறையைக் காண்பது எங்ஙனம்? கணிதத்தால் முயல்வோம். ஆடவர் கோலின் தண்டு 28 மில்லிமீற்றர் விட்டமுடையது. அதன் குறுக்குவெட்டுப் பரப்பு ஏறத்தாழ 6.16 சதுர சதமமீற்றர். தண்டு 220 சதமமீற்றர் நீளமெனக் கொண்டு, உருக்கின் அடர்த்தி 7.85 ஆற் பெருக்க, 10.6 கிலோகிராமே வருகின்றது. எஞ்சிய 9.4 கிலோகிராம் தட்டுகள் ஏறும் முனைக்குழல்களில் உள்ளது. அவற்றின் உட்புறத்தை அறியாதார்க்குக் கணக்கு இங்கே நின்றுவிடும்.

ஆகவே நிறுத்தே அறிதல் வேண்டும். ஆள் நிறுக்கும் தராசில் ஒருவர் கோலுடன் ஒருமுறையும் கோலின்றி ஒருமுறையும் நின்று, வேறுபாட்டைக் காண்பது எளிய வழி. தராசே இல்லாதவிடத்து வெள்ளிக்கோலின் தத்துவம் உதவும். கோலைத் தரைக்குச் சற்று மேலே கயிற்றில் தொங்கவிட்டு, நடுப்புள்ளியிலிருந்து 100 சதமமீற்றர் தூரத்தில் 5 கிலோகிராம் தட்டொன்றை ஏற்றுக. கோல் கிடையாக நிற்கும்வரை கயிற்றை அத்தட்டின் பக்கமாக நகர்த்துக. நடுவிலிருந்து 20 சதமமீற்றரிற் சமநிலை வாய்ப்பின், தட்டு கயிற்றிலிருந்து 80 சதமமீற்றரில் இருக்கும். 5ஐ 80ஆற் பெருக்கி 20ஆல் வகுக்க, கோலின் நிறை 20 கிலோகிராம் என்பது பெறப்படும். கயிற்றின் இடத்தை 21 எனப் பிழையாக அளந்தால் விடை 18.8 ஆகிவிடும். 20 கிலோகிராம் தட்டைக் கொண்டு செய்யின் கயிறு 50இல் நிற்கும். அங்கே அதே பிழை நேரினும் விடை 19.2 வரையே குறையும். மறுமுனையிலும் தட்டையேற்றி மீண்டும் அளந்து இரண்டின் சராசரியைக் கொள்வது நன்று.