பேய் பெரிசா, ஜேஜம்மா பெரிசா?

‘அருந்ததி’யை டி.வி.யில் போட்டால் மறுநாள் எங்க ஆத்தூரில் அதே பேச்சுதான். கோடி ராமகிருஷ்ணா 2009-ல் தந்த தெலுங்குப் படம். தமிழ் பேசியும் மிரட்டியது. பஸ் ஸ்டாப் டீக்கடையில் கருத்துக் கேட்டேன்.

‘‘சமாதிக்குள்ளேருந்து சோனு சூட் உறுமுறாரே... ராத்திரி கொல்லைப்பக்கம் போகவே நடுங்குது சார்!’’ என்றார் முறுக்கு மீசை நண்பர், பீடியை இழுத்தபடி.

திண்டுக்கல்லில் வேலை முடித்துக் கடைசி பஸ்ஸில் வந்து இறங்கிய பெண் சிரித்தார். ‘‘பேயை விடுங்கண்ணே. அதை அழிக்கிறதுக்காக அனுஷ்கா உயிரையே குடுத்து, தன் எலும்பையே ஆயுதமாக்கச் சொல்றாங்களே, அதுதான் படம்! தினம் இந்த இருட்டுல நடக்கறேன். பேயைப் பார்த்ததில்லை. வழி மறிச்சு நிக்கிற ஆம்பளைங்களைத்தான் பார்த்திருக்கேன். அப்பல்லாம் ஜேஜம்மாவை நினைச்சுக்குவேன்!’’

மீசைக்காரர் பீடியை அணைத்துவிட்டு, ஒதுங்கி வழிவிட்டார்.