கதவு உரசுவது மழையாலா, துளையாலா?

மாரி தொடங்கியதும் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரை வீடுகளில் கதவுகள் நிலையோடு உரச ஆரம்பிக்கும். பழி மழையின் மேல் விழும். கொக்கட்டிச்சோலை போன்ற ஊருக்கு இந்தப் பழி பொருந்துவது போலத்தான் தோன்றும். ஆண்டு மழையின் பெரும்பங்கு வடகீழ்ப் பருவத்தில் கொட்டுகிறது. நடு ஆண்டில் கச்சான் காற்று அடித்து எல்லாவற்றையும் உலர்த்துகிறது. மரம் ஈரத்தைக் குடித்து ஊதும், காய்ந்து சுருங்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த ஊதலுக்கு ஒரு முறை உண்டு. நாருக்குக் குறுக்கேதான் மரம் கணிசமாகப் பெருக்கும். நாரின் நீளவாட்டில் மாற்றம் அற்பம். ஆகவே மழையால் உரசும் கதவு, பூட்டுப் பக்கத்து ஓரம் நெடுகிலும் உரசும்; கச்சான் வந்ததும் தானாக விடுபடும். மேல் மூலை ஒன்று மட்டும் நிலையில் முட்டி, கீழ் மூலை தரையைத் தேய்த்து, அதுவும் வருடம் முழுக்க நீடித்தால், அங்கே குற்றவாளி மழை அல்ல. பெரும்பாலும் அது பிணைச்சலைப் பூட்டிய திருகாணித் துளை.

பிணைச்சல் தகட்டில் திருகாணியின் தலை அமர ஒரு சரிவுக் குழி இருக்கிறது. தலையும் கூம்பு, குழியும் கூம்பு. இரண்டின் நடுவும் ஒன்றாக இருந்தால்தான் தலை சுற்றிவரப் பதியும். மரத்தில் போட்ட துளை அரை மில்லிமீற்றர் விலகியிருந்தால், முறுக்க முறுக்கக் கூம்பின் ஒரு பக்கம் ஆப்புப் போல வேலை செய்து தகட்டையே பக்கவாட்டில் தள்ளும். அடுத்த திருகாணி எதிர்ப்பக்கம் விலகியிருந்தால் தகடு நகர வழியில்லை. திருகாணி வளைந்து, தலை ஒருபுறம் மேடாக நிற்கும். பிணைச்சலின் இரு இறகுகளும் முழுதாக மடங்காது. அரை மில்லிமீற்றர் என்ன பெரிய அளவு என்று கேட்கலாம். கணக்குப் பார்த்தால் விளங்கும். மேல், கீழ்ப் பிணைச்சல்களுக்கு இடையே 1500 மி.மீ. தூரமும் 800 மி.மீ. அகலமும் உள்ள வீட்டுக் கதவில் மேல் பிணைச்சல் 1 மி.மீ. வெளியே தள்ளினால், பூட்டுப் பக்கம் ஏறத்தாழ அரை மி.மீ. தாழும். அதைப் பொறுத்துக்கொள்ளலாம். பிணைச்சல்கள் 400 மி.மீ. இடைவெளியில் இருக்கும், 450 மி.மீ. அகலமான அலுமாரிக் கதவில் அதே பிழை 1 மி.மீற்றரைத் தாண்டிய சரிவாகிறது. சட்டத்துக்குள் அமரும் அலுமாரிக் கதவுக்கு விடும் இடைவெளியே ஒன்றரை, இரண்டு மி.மீ. தான். குட்டையான, அகன்ற கதவுகள் சீக்கிரம் தொங்குவதன் இரகசியம் இந்த விகிதம்.

கண்ணால் நடுப் பார்த்து, குத்தூசியால் குறியிட்டு, ட்றில் வைத்தால் போதாதா? மென்மரத்தில் பல நேரம் போதும். ஆனால் சாதாரண ட்றில் அலகின் முனை ஊசி போலத் தெரிந்தாலும் ஊசி அல்ல. அதன் உச்சியில் உளியைப் போன்ற ஒரு சிறு விளிம்பு கிடக்கிறது; அது வெட்டுவதில்லை, நசுக்குகிறது. வைரமான வரியும் மெல்லிய வரியும் மாறிமாறி வரும் மரத்தில் அந்த விளிம்பு வைரத்தை விட்டு மெல்லியதை நோக்கி நழுவும். கை எவ்வளவு நிலையாக இருந்தாலும் முதல் இரண்டு சுற்றில் நடக்கும் இந்த நழுவலை அது உணர்வதற்குள் துளை விழுந்துவிடும். தானாக நடுப் பிடிக்கும் அலகு தடுப்பது இதைத்தான். ட்றில் அலகைச் சுற்றி ஒரு உறை. உறையின் மூக்கு கூம்பு வடிவம். உள்ளே ஒரு ஸ்பிறிங். மூக்கைப் பிணைச்சலின் சரிவுக் குழியில் அழுத்தினால் அது தானே நடுவில் அமரும். மேலும் அழுத்தும்போது உள்ளிருக்கும் அலகு அந்த நடுவிலேயே இறங்கும். நழுவ இடமில்லை. அமெரிக்கத் தச்சர்கள் இதை ‘விக்ஸ்’ என்பார்கள். சளிக்குப் பூசும் தைலத்துக்கும் இதற்கும் உறவில்லை.

நல்ல ஓடாவிக்கு இந்த ஊன்றுகோல் எதற்கு, பழையவர்கள் இதையா வைத்துக் கதவு பூட்டினார்கள் என்ற மறுப்பு வலுவானது. பழைய கதவுகளின் கைத்திறனை யாரும் குறைத்துப் பேச முடியாது. ஆனால் அக்கதவுகளில் பல பிணைச்சலில் ஆடியவை அல்ல, குடுமியில் சுழன்றவை. கதவோடு சேர்ந்த தடித்த மரக்குடுமி, படியில் குடைந்த குழியில் நிற்கும். அங்கே கொஞ்சம் தளர்வு குற்றமல்ல, அதனால்தான் மாரியிலும் சுழன்றது. இரும்பு, பித்தளைப் பிணைச்சல் இயந்திரத்தில் அடித்த பொருள். அதன் குழிகள் நூலிழைத் தளர்வையும் மன்னிப்பதில்லை. கைத்திறன் குறைந்துவிடவில்லை, கை பொருந்த வேண்டிய பொருள் மாறிவிட்டது.

இனி எதைத் தெரிவது என்பது. உறையில் பொறித்திருக்கும் திருகாணி எண்ணை மட்டும் நம்பி வாங்குவதில் ஒரு பொறி இருக்கிறது. 6 ஆம் எண் திருகாணியின் தண்டு ஏறத்தாழ 3.5 மி.மீ., 8 ஆம் எண் 4.2 மி.மீ. மூக்கின் பருமன் பிணைச்சலின் குழிக்கு ஒத்திருக்க வேண்டும்: பெரிய மூக்கு, குழியின் விளிம்பில் மட்டும் ஒட்டும், சிறியது அடியில் விழுந்து ஆடும். அதைவிட முக்கியமானது உள்ளிருக்கும் அலகின் விட்டம். 8 ஆம் எண்ணுக்கென வரும் உறைகளில் பெரும்பாலும் 2.8 மி.மீ. அலகு இருக்கும். தேக்குக்கு அது சரி. முதிரை தேக்கைவிட ஏறத்தாழ இரு மடங்கு கடினம், நாரும் பின்னிக் கிடக்கும். பாலை அதற்கும் சளைத்ததல்ல. இவற்றில் 2.8 மி.மீ. துளைக்குள் திருகாணியை முறுக்கினால் தலை முறியும், அதுவும் வாவிக்காற்றின் துருவுக்குப் பயந்து பித்தளையைத் தெரிந்தவருக்கு நிச்சயம். முறுக்கைத் தாங்கும் வலு விட்டத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுவதால், 6 ஆம் எண் 8 ஆம் எண்ணைவிட மிக எளிதில் முறியும். ஆகவே வைர மரத்தில் இந்த அலகை நடுவைக் காட்டும் வழிகாட்டியாக மட்டும் கொண்டு, அதே துளையைச் சாதாரண 3.2 மி.மீ. அலகால் அகலிப்பதே முறை. முதல் துளை வழிநடத்துவதால் இரண்டாவது நழுவாது. உறைக்குள் மரத்தூள் அடைந்தால் அலகு சூடேறி மழுங்கும். இரண்டு துளைக்கு ஒருமுறை தட்டி உதறுவது அவசியம்.

லாச்சியில் இந்த வாதம் பாதிதான் செல்லும். (அலுமாரியைப் போர்த்துக்கேயரிடமிருந்தும் லாச்சியை ஒல்லாந்தரிடமிருந்தும் பெற்றோம், லாச்சியை இழுக்கவைக்கும் சனல் அண்மைக்கால விருந்தாளி.) சனலில் பெரும்பாலும் தலையின் அடி தட்டையான திருகாணி, கூம்பு இல்லை, தள்ளும் ஆப்பும் இல்லை. நீள்துளைகளும் வேண்டுமென்றே நகர்த்தச் செய்தவை. அங்கே மூக்கு அகலவாட்டில்தான் நடுப் பிடிக்கும். கிண்ணப் பிணைச்சலுக்கும் இப்படியொரு விலக்குச் சொல்வார்கள்: அதைப் பூட்டிய பிறகு திருகி நகர்த்தலாமே என்று. உண்மைதான். 35 மி.மீ. குழியில் அமரும் அந்தப் பிணைச்சல் கதவைச் சில மில்லிமீற்றர் அங்குமிங்கும் நகர்த்த விடும். ஆனால் அழுத்துபலகையில் கோணலாய் இறங்கிய திருகாணி துகளைப் பெயர்த்துக்கொண்டு கழன்றுவிட்டால், நகர்த்துவதற்குப் பிடிமானமே இராது. இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும்: இந்த அலகு தகட்டின் துளைக்கு நடுவைத்தான் அறியும், தகடு சரியான இடத்தில் இருக்கிறதா என்பதை அறியாது. பிழையான கோட்டில் வைத்த சனலை அது மிகத் துல்லியமாகப் பிழையான கோட்டிலேயே பூட்டித் தரும். எனவே சனலுக்கு முதலில் நீள்துளைகளில் மட்டும் இரண்டு திருகாணி, லாச்சியை ஏற்றி இழுத்துப் பார்த்து இரு பக்கமும் இணையாக ஓடுகிறதென்று கண்ட பிறகே வட்டத் துளைகளுக்கு இந்த அலகு. முதிரைப் பிணைச்சலுக்கோ வரிசை வேறு: நடுத்துளை, அகலிப்பு, அதே அளவு உருக்குத் திருகாணியை ஒருமுறை ஏற்றி இறக்கி மரை வெட்டுதல், பிறகு மெழுகு தடவிய பித்தளை.