நாலு பேர் பார்க்கும்போது

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ஸயான்ஸ் என்ற உளவியலாளர் கரப்பான்பூச்சிகளுக்கு ஓட்டப்பந்தயம் வைத்தார். ஆய்வு 1969-இல் வெளிவந்தது. பாதையின் ஒரு முனையில் பளீரென்ற விளக்கு, மறுமுனையில் இருட்டுப் பெட்டி. வெளிச்சம் பட்டதும் பூச்சி இருட்டைத் தேடி ஓடும். நடுராத்திரியில் அடுப்படி விளக்கைப் போட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் ஸயான்ஸ் பாதையின் ஓரத்தில் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பெட்டிகளை அடுக்கி, அவற்றில் வேறு சில கரப்பான்பூச்சிகளை வைத்திருந்தார். அவற்றுக்கு ஓடுகிற வேலை இல்லை. அவை பார்வையாளர்கள்.

நேர்ப்பாதையில் ஓடிய பூச்சி, பார்வையாளர் இருந்தபோது இன்னும் வேகமாக ஓடியது. பாதையில் ஒரு திருப்பத்தை வைத்ததும் கதை மாறியது. சரியான பக்கம் திரும்பினால்தான் இருட்டு என்ற நிலையில், பார்வையாளர் இருந்தால் பூச்சி தடுமாறி அதிக நேரம் எடுத்துக்கொண்டது.

இதற்கு ஸயான்ஸ் நான்கு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு விளக்கத்தை எழுதி வைத்திருந்தார். பக்கத்தில் தன் இனம் இருந்தாலே உடம்பு முடுக்கிவிடப்படுகிறது. முடுக்கிவிடப்பட்ட உடம்பு, தன்னிடம் எது நன்றாக ஊறியிருக்கிறதோ அதையே முதலில் வெளியே தள்ளும். ஊறியது சரியானது என்றால் ஆட்டம் பிரமாதம். அரைகுறை என்றால் அந்த அரைகுறைதான் அரங்கேறும்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஜெர்மன் ஆய்வாளர்கள் இதே சோதனையைத் திரும்பச் செய்து 2020-இல் வெளியிட்டார்கள். அவர்களுடைய பூச்சிகள் பார்வையாளர் இருந்தபோது நேர்ப்பாதையிலும் மந்தமாகவே ஓடின. ஆகவே கரப்பான்பூச்சியை மட்டும் நம்பி மேடை ஏற முடியாது. மனிதர்களிடம் பார்த்ததில் விளக்கம் கொஞ்சம் தாக்குப்பிடிக்கிறது. 1982-இல் வெளியான ஓர் ஆய்வில், பூல் மேசையில் ஆடிக்கொண்டிருந்தவர்களின் அருகே நாலு பேர் சும்மா வந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள். நன்றாக ஆடுகிறவர்கள் நூற்றுக்கு 71 அடிகளைச் சரியாக அடித்துக்கொண்டிருந்தார்கள். அது 80 ஆயிற்று. சுமாராக ஆடுகிறவர்களின் 36, 25-க்கு இறங்கியது. பிறகு இருநூறுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்குப் பார்த்தவர்கள், இந்த விளைவு உண்மைதான், ஆனால் சிறியது என்றார்கள். வெறுமனே நிற்பவர்களால் நம்மை அவ்வளவுதான் அசைக்க முடியும். நம்மை எடைபோட வந்தவர்கள் என்றால் விஷயம் வேறு.

எடைபோடும் கண்கள் உடம்பை என்ன செய்கின்றன என்று அளப்பதற்காகவே ஜெர்மனியின் ட்ரியர் பல்கலைக்கழகத்தில் 1993-இல் ஒரு சோதனையை உருவாக்கினார்கள். வேலைக்கு விண்ணப்பித்தவராகப் பாவித்து ஐந்து நிமிடம் பேச வேண்டும். எதிரே நடுவர்கள், சிரிக்கமாட்டார்கள், தலையாட்டமாட்டார்கள். கேமரா ஓடிக்கொண்டிருக்கும். பேச்சு முடிந்ததும் அடுத்த குண்டு: 1022-இலிருந்து 13, 13 ஆக வாய்விட்டுக் கழித்துக்கொண்டே வர வேண்டும். ஓர் இடத்தில் பிசகினால், மறுபடி 1022. பங்கேற்பவர்களின் எச்சிலை எடுத்துப் பார்த்தால் கார்ட்டிசால் எனும் இயக்குநீர் இரண்டு மடங்குக்கு மேலும் எகிறியிருக்கும். உலகெங்கும் மன அழுத்தத்தை ஆராய்பவர்கள் இன்றும் இந்தச் சோதனையைத்தான் பயன்படுத்துகிறார்கள். கடினமான வேலையைத் தனியே கொடுத்தால் கார்ட்டிசால் இந்த அளவுக்கு ஏறுவதில்லை. பிறர் மதிப்பிடுவதும், நிலைமை நம் கையில் இல்லை என்ற உணர்வும் சேரும்போதுதான் அதிகம் ஏறுகிறது என்று 2004-இல் 208 ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்னார்கள். நம் ஊர்ப் பேச்சுப்போட்டி நடுவர்கள் சிலரின் முகம் ட்ரியரில் பயிற்சி எடுத்ததுபோல் இருக்கும். அவர்கள் கொஞ்சம் தலையாட்டினால் மதிப்பெண் ஒன்றும் குறைந்துவிடாது.

சாவைவிட மேடைக்குத்தான் மனிதன் அதிகம் பயப்படுகிறான் என்று ஆளுமைப் பயிற்சி வகுப்புகளில் சொல்வார்கள். அந்தப் பேச்சுக்கு ஆதாரம் 1973-இல் அமெரிக்காவில் எடுத்த ஒரு கருத்துக்கணிப்பு. பயப்படுபவற்றையெல்லாம் குறிக்கச் சொன்னபோது, கூட்டத்தில் பேசுவதைச் சுமார் 41 விழுக்காட்டினரும் சாவைச் சுமார் 19 விழுக்காட்டினரும் குறித்தார்கள். எது பெரிய பயம் என்று யாரும் கேட்கவில்லை. 2012-இல் நெப்ராஸ்காவில் கல்லூரி மாணவர்களிடம் அதையும் கேட்டுப் பார்த்தார்கள். முதலிடம் சாவுக்குத்தான்.

சரி, மேடையோரம் நிற்கிறவரின் உடம்புக்குள் போவோம். பெயரைக் கூப்பிட்டதும் மூளையின் அடியிலிருந்து சங்கிலித்தொடராகக் கட்டளை பறக்கிறது. சிறுநீரகங்களின் தலைமேல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் நொடிகளில் அட்ரீனலினைக் கொட்டுகின்றன. இதயம் தடதடக்கிறது. தோலுக்குப் போகும் ரத்தக்குழாய்கள் சுருங்குவதால் விரல்கள் சில்லிடுகின்றன. செரிமானம் ஒத்திவைக்கப்படுகிறது, வயிற்றைக் கலக்குவது அதனால். எச்சில் குறைந்து நாக்கு மேலண்ணத்தில் ஒட்டுகிறது. எப்போதும் கையில் இருக்கும், கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நடுக்கம் அட்ரீனலினால் பெரிதாகி, வயலின் வில்லில் தெரிய ஆரம்பிக்கிறது. மூச்சு மேல்நெஞ்சோடு நின்றுவிடுவதால் பாடகரின் நீண்ட கார்வை பாதியில் அறுகிறது. ஓடவோ சண்டை போடவோ இவை அத்தனையும் உதவும். நின்ற இடத்தில் நின்று நன்றியுரை சொல்வதற்கு ஒன்றும் உதவாது.

கார்ட்டிசால் இவ்வளவு அவசரக்காரன் அல்ல. உச்சத்தைத் தொட இருபது முப்பது நிமிடம் எடுத்துக்கொள்ளும். 1998-இல் நேச்சர் இதழில் வந்த ஓர் எலி ஆய்வு இதனால்தான் எனக்குப் பிடிக்கும். தண்ணீர்த் தொட்டியில் மேடை எங்கே மூழ்கியிருக்கிறது என்று எலிகள் கற்றுவைத்திருந்தன. தேர்வுக்கு இரண்டு நிமிடம் முன்பு காலில் மின்னதிர்ச்சி கொடுத்தபோது எலிகளுக்கு இடம் மறக்கவில்லை. நான்கு மணி நேரம் முன்பு கொடுத்தபோதும் மறக்கவில்லை. அரை மணி நேரம் முன்பு கொடுத்தபோது மறந்துவிட்டது. கற்றது அழியவில்லை, எடுக்க வரவில்லை. எலிக் கணக்கை மனிதருக்கு அப்படியே போட முடியாதுதான். ஆனால் கார்ட்டிசோன் மாத்திரை சாப்பிட்ட மனிதர்களுக்கும் முன்பே படித்த சொற்களை நினைவுகூர்வது குறைந்தது என்று அதே குழு பின்னர் கண்டது. மேடைக்குப் பின்னால் அரை மணி நேரம் கையைப் பிசைந்துகொண்டு நிற்பது நல்ல யோசனை அல்ல என்று நான் இதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன்.

அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் சயன்ஸ் இதழில் வெளியிட்டதுதான் பள்ளிக்கூடங்களுக்குப் போய்ச் சேர வேண்டிய செய்தி. 120 பேருக்குச் சொற்களையும் படங்களையும் கொடுத்தார்கள். ஒரு பாதிப் பேர் திரும்பத் திரும்பப் பார்த்துப் படித்தார்கள். மறு பாதியினர் தாளை மூடிவைத்து, ஞாபகத்திலிருந்து எடுத்து எழுதிப் பார்த்தார்கள். அடுத்த நாள் சிலரை மேடையேற்றிப் பேச வைத்து, கணக்குப் போட வைத்துத் திகிலூட்டிவிட்டுத் தேர்வு வைத்தார்கள். பார்த்துப் படித்தவர்களின் மதிப்பெண் திகிலில் சரிந்தது. எடுத்துப் பார்த்தவர்களிடம் சரிவு இல்லை.

“நூறு தடவை படி” என்று பிள்ளையிடம் தாளைக் கொடுக்கும் அப்பாக்கள் தாளைப் பிடுங்கிக்கொண்டால் அதைவிடப் பலன் இருக்கும். நம் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிற முறையில் இன்னொரு பொறியும் இருக்கிறது. ஒவ்வொரு வரியும் அடுத்த வரியை இழுத்துக்கொண்டு வருகிற ரயில்பெட்டித் தொடர் அது. நடுவில் ஒரு கொக்கி கழன்றால் பின்னால் இருப்பதெல்லாம் அங்கேயே நின்றுவிடும். தடுமாறிய குழந்தை மறுபடி “அனைவருக்கும் வணக்கம்” என்று முதலிலிருந்து தொடங்குவதைப் பார்த்திருப்பீர்கள். மூன்றாம் பத்தியிலிருந்து, சரணத்திலிருந்து, கடைசிக்கு முந்தைய வரியிலிருந்து தொடங்கிப் பழகியவருக்கு எங்கே விழுந்தாலும் எழுந்துகொள்ள ஒரு படி இருக்கும். ஒத்திகையும் உட்கார்ந்தபடி முணுமுணுப்பதாக இருக்கக் கூடாது. நின்றுகொண்டு, உரிய குரலில், சித்தி வீட்டுப் பிள்ளைகளையாவது எதிரே உட்கார வைத்துக்கொண்டு செய்ய வேண்டும்.

பதற்றம் உச்சத்தில் இருப்பது தொடங்கும் தறுவாயிலும் முதல் ஓரிரு நிமிடத்திலும்தான். அதைத் தாண்டினால் பெரும்பாலானோருக்கு நாடித்துடிப்பு தானாக இறங்க ஆரம்பிக்கும். அந்த முதல் நிமிடத்தை எதைக் கொண்டு நிரப்புவது? கர்நாடக இசைக் கச்சேரிக்காரர்கள் வர்ணத்தில் தொடங்குவதில் இந்த வசதியும் இருக்கிறது. குழந்தைப் பருவத்திலிருந்து பல காலங்களில் பாடித் தேய்த்தது வர்ணம். குரல் அங்கே யோசிக்காமல் ஓடும். மனோதர்மத்துக்கு, அதாவது திருப்பங்கள் உள்ள பாதைக்கு, அப்புறம் போய்க்கொள்ளலாம். நம் மேடைப் பேச்சில் தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே என்று அடுக்குவதைக் கிண்டல் செய்வோம். கேட்பவருக்கு அது கொடுமைதான்; பேசுகிறவருக்கு அது நேர்ப்பாதை. முதல் நான்கு வாக்கியங்களையாவது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும்படி வைத்துக்கொள்வது புதியவருக்கு நல்லது.

“பயப்படாதே, அமைதியாக இரு” என்பது எல்லோரும் கொடுக்கும் அறிவுரை. தடதடக்கும் இதயத்திடம் அது எடுபடாது. ஹார்வர்டில் ஆலிசன் வுட் புரூக்ஸ் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், கரோக்கே பாட வந்தவர்களில் சிலரைப் பாடுவதற்கு முன் “எனக்குப் பதற்றமாக இருக்கிறது” என்றும், சிலரை “எனக்கு உற்சாகமாக இருக்கிறது” என்றும் சொல்ல வைத்தார். சுருதியையும் தாளத்தையும் இயந்திரம் அளந்தது. பதற்றம் என்றவர்கள் நூற்றுக்குச் சுமார் 53. ஒன்றும் சொல்லாதவர்கள் 69. உற்சாகம் என்றவர்கள் 81. பதற்றத்துக்கும் உற்சாகத்துக்கும் உடம்பில் ஏறக்குறைய ஒரே துடிப்புதான். பெயரை மாற்றுவது துடிப்பை அடக்குவதைவிடச் சுலபம். ஒரு வாக்கியம் குரலை இவ்வளவு திருத்துமா என்று எனக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு. செலவில்லாத வைத்தியம் என்பதால் முயன்று பார்க்கலாம். கூடவே, உள்ளிழுப்பதைவிட மெதுவாக மூச்சை வெளியே விடுவதும் இதயத்தின் வேகத்தை உண்மையிலேயே குறைக்கும்.

இன்னொரு செய்தி அதைவிட ஆறுதலானது. நம் நடுக்கம் நமக்குத் தெரிகிற அளவுக்குப் பார்ப்பவர்களுக்குத் தெரிவதில்லை. கென்னத் சவிட்ஸ்கியும் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாமஸ் கிலோவிச்சும் 2003-இல் இதை அளந்தார்கள். இந்த உண்மையை முன்கூட்டியே எடுத்துச் சொல்லி மேடை ஏற்றியவர்கள், மற்றவர்களைவிட நன்றாகப் பேசினார்கள். பார்த்தவர்களும் அப்படியே மதிப்பிட்டார்கள்.

மாத்திரையும் உண்டு. ஜேம்ஸ் பிளாக் இதயநோயாளிகளுக்காகக் கண்டுபிடித்து, 1988-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைக்கக் காரணமானவற்றில் ஒன்றான பீட்டா தடுப்பான்கள்தான் அவை. அட்ரீனலின் போய் உட்காரும் இடத்தை அடைத்துவிடும். 1977-இல் லண்டன் மருத்துவர்கள் நரம்பிசைக் கலைஞர்களுக்கு இந்த வகை மருந்து ஒன்றைக் கொடுத்துப் பார்த்தபோது வில்நடுக்கம் குறைந்தது. பத்தாண்டுக்குப் பின் அமெரிக்க இசைக்குழுக்களில் எடுத்த கணக்கில், 27 விழுக்காட்டினர் பயன்படுத்தியதாகச் சொன்னார்கள். துப்பாக்கி சுடும் போட்டியில் இதற்குத் தடை. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வடகொரிய வீரர் கிம் ஜாங்-சு இதனால் இரண்டு பதக்கங்களை இழந்தார். மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாத மருந்து இது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு உயிருக்கே ஆபத்தாகலாம். உடம்பின் நடுக்கத்தை அடக்குமே தவிர, தெரியாத பாட்டைத் தெரிய வைக்காது.

திறமை வந்தால் பயம் போய்விடும் என்று நினைத்தால், செல்லோ மேதை பாப்லோ கசால்ஸைப் பாருங்கள். 1901-இல் அமெரிக்கப் பயணத்தின்போது சான்பிரான்சிஸ்கோ அருகே மலையிறங்குகையில் உருண்டுவந்த பாறை அவருடைய இடதுகை விரல்களை நசுக்கியது. நல்லவேளை, இனி செல்லோ வாசிக்க வேண்டியதில்லை என்பதுதான் தனக்கு முதலில் தோன்றியது என்று முதுமையில் சொன்னார். கை குணமாகி, பல பத்தாண்டுகள் வாசித்தார். மேடைப் பதற்றம் மட்டும் கடைசிவரை கூடவே வந்தது.

பம்பாய் நீதிமன்றத்தில் முதல் வழக்கில் எழுந்து நின்ற இளம் பாரிஸ்டர் காந்திக்குத் தலை சுற்றியது. கேள்வி ஒன்றும் வரவில்லை. உட்கார்ந்துவிட்டார், வாங்கிய 30 ரூபாயையும் திருப்பிக் கொடுத்தார். தென்னாப்பிரிக்காவுக்குப் போன 1893-இல், பிரிட்டோரியாவில் இந்திய வணிகர்கள் கூடிய ஒரு வீட்டில், வியாபாரத்தில் உண்மை பேசுவதைப் பற்றிப் பேசினார். விஷயத்தை நன்றாகத் தயார்செய்துகொண்டு போயிருந்தார். அதுவே தன் முதல் பொதுப்பேச்சு என்று சுயசரிதையில் குறிக்கிறார். அதன்பின் அத்தகைய கூட்டங்கள் ஏறக்குறைய ஒழுங்காக நடந்தன. பிரிட்டோரியாவில் அவருக்குத் தெரியாத இந்தியரே இல்லை என்றாயிற்று. பழக்கமில்லாத கூட்டத்தைக் கண்டால் வரும் தயக்கம் பிறகும் முழுசாகப் போகவில்லை என்றும் அவரே எழுதியிருக்கிறார்.