முறுக்கினால் முரண்டு பிடிக்கும் எலும்பு!

இரண்டு இரும்புக் கம்பிகள். நீளம் ஒன்றுதான். ஆனால் ஒன்றின் கனம் மற்றதில் பாதி. மெல்லிய கம்பியை முறுக்குவது எவ்வளவு எளிது தெரியுமா? 16 மடங்கு எளிது!

இது என்ஜினீயர்களின் பழைய கணக்கு. இரும்புக்கு அது பொருந்தும். எலும்பு மட்டும் அதற்குக் கட்டுப்படவில்லை!

1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் யாங், லேக்ஸ் என்ற இரு விஞ்ஞானிகள் மனித எலும்பைக் குச்சி குச்சியாகச் செதுக்கி முறுக்கிப் பார்த்தார்கள். வளைத்தும் பார்த்தார்கள். கணக்கு சொன்னதைவிட மெல்லிய குச்சிகள் விறைப்பாக நின்றன.

காரணம் என்ன?

எலும்புக்குள் நுண்ணிய குழாய்கள் கட்டுக் கட்டாக இருக்கின்றன. தேர்த் திருவிழாக் கூட்டத்தில் ஒருவரை இடித்தால் அவர் நகர்வார். அப்படியே திரும்பவும் செய்வார். எலும்பின் நுண் துணுக்குகளும் அப்படித்தான். அந்தத் திருப்பத்தை அக்கம்பக்கத்துத் துணுக்குகள் எதிர்க்கின்றன. பழைய கணக்கில் நகர்ச்சி உண்டு. இந்தத் திருப்பம் இல்லை.

அண்ணனும் தம்பியும்

இதை 1909-லேயே எழுதி வைத்தவர்கள் பிரான்சு நாட்டுச் சகோதரர்கள். அண்ணன் பிரான்சுவா கோசெரா, பாலம், சாலை என்ஜினீயர். 14 வயது இளைய தம்பி யூஜீன், வான ஆராய்ச்சியாளர். அவர்கள் புத்தகத்தை அப்போது யாரும் பெரிதாகச் சட்டை செய்யவில்லை. அண்ணன் 1914-லும், தம்பி 1931-லும் இறந்தார்கள். 1950-களின் பிற்பகுதியில்தான் அறிஞர்கள் அதைத் தூசி தட்டி எடுத்தார்கள். பாவம், இருவருமே அதைப் பார்க்கவில்லை!

1960-களில் ஏரிங்கன் என்ற பேராசிரியர் இத்தகைய பொருளுக்கு 'மைக்ரோபோலார்' என்று பெயர் வைத்தார்.

கம்ப்யூட்டர் வந்தது

கணக்கோ கடினம். ஆகவே கம்ப்யூட்டரிடம் கொடுக்கிறார்கள். பொருளைச் சின்னஞ்சிறு துண்டுகளாக வெட்டியதுபோல் அது பாவிக்கும். துண்டுகள் சேரும் ஒவ்வொரு முடிச்சுக்கும் 6 எண்களைக் கண்டுபிடிக்கும். எங்கே நகர்ந்தது என்பதற்கு 3. எப்படித் திரும்பியது என்பதற்கு 3.

எலும்பில் டாக்டர் திருகாணிக்குச் சிறு துளை போடுகிறார். துளையின் விளிம்பில் எவ்வளவு அழுத்தம் சேரும்? பழைய கணக்கைவிடக் குறைவு என்கிறது புதிய கணக்கு.

மெத்தைப் பஞ்சு போல ஒரேயடியாகக் கசங்கும் பொருள் என்றால் இன்னொரு சிக்கல். ஒரு புத்தகத்தை மேசைமேல் படுக்க வையுங்கள். அட்டை மேலே, அடிப்பக்கம் உங்கள் பக்கம். முதலில் வலப்பக்கமாகக் கால் வட்டம் திருப்புங்கள். பிறகு எதிர்ப்பக்க விளிம்பைத் தூக்கி நிறுத்துங்கள். அட்டை உங்களைப் பார்க்கும், எழுத்து சாய்ந்திருக்கும். இப்போது மாற்றிச் செய்யுங்கள். முதலில் நிறுத்தி, பிறகு திருப்புங்கள். எழுத்து நேராக நிற்கும். அட்டையோ இடப்பக்கம் பார்க்கும்!

ஆகவே பெரிய திருப்பங்களைக் கடைக்கணக்குப் போலக் கூட்டிவிட முடியாது. பாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் கம்ப்யூட்டர் திரும்பத் திரும்பக் கணக்குப் போடுகிறது.